அன்று வானொலியில் தடை, பின்பு பாராலிம்பிக் மேடை: பரிதாபமே வேண்டாம் என்ற பாடகர் இயான் டியூரி யார்?

2012 ஆகஸ்ட் 29. லண்டன் ஒலிம்பிக் மைதானத்தில் பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்க விழா. மாற்றுத்திறனாளி கலைஞர்கள் மைதானத்தின் நடுவே ஒரு பாட்டைப் பாடுகிறார்கள். உலகம் முழுக்க டிவியில் நேரலை.

அதே பாட்டை 31 வருஷத்துக்கு முன்னால் பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. கேட்பவர்களின் மனம் புண்படும் என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அதை எழுதிப் பாடியவரே சின்ன வயசில் போலியோ தாக்கி, இடது கையும் இடது காலும் சூம்பிப்போனவர்.

அவர் பெயர் இயான் டியூரி. 1970-களின் கடைசியில் பிரிட்டனைக் கலக்கிய 'நியூ வேவ்' இசையின் முக்கியமான முகங்களில் ஒருவர். இறந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் அவர் பாட்டைக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். அதே நேரம் வரிகளைக் கவனித்தால் மனசில் ஏதோ ஒன்று தைக்கும். யார் இந்த இயான் டியூரி? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், நியூ வேவ் அப்படின்னா என்ன?

1970-களின் நடுவில் பிரிட்டனில் ராக் இசை ரொம்பவே பணக்காரத்தனமாகிவிட்டது. பிரம்மாண்ட மேடை, பத்து நிமிஷ கிட்டார் வாசிப்பு, தனி விமானத்தில் பறக்கும் நட்சத்திரங்கள். வெளியே நிலைமை வேறு. விலைவாசி ஏறிக்கிடந்தது, வேலையில்லாத இளைஞர்கள் தெருவில் நின்றார்கள்.

இந்தக் கோபத்தில் 1976-ல் வெடித்ததுதான் 'பங்க்' இசை. மூன்றே ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்பது அதன் மனநிலை. பங்க் திறந்துவிட்ட கதவு வழியாக இன்னொரு கூட்டமும் உள்ளே வந்தது. கோபத்தோடு கிண்டல், நல்ல வரிகள், ஜாஸ், ஃபங்க், ரெகே என்று எல்லாவற்றையும் கலந்து கொடுத்தார்கள். எல்விஸ் காஸ்டெல்லோ, நிக் லோ, 'தி போலீஸ்' குழு, 'மேட்னெஸ்' குழு என்று பட்டியல் நீளும். இந்த அலைக்குத்தான் நியூ வேவ் என்று பெயர்.

இது இசையை மட்டும் மாற்றவில்லை. யார் மேடையில் நிற்கலாம் என்பதையும் மாற்றியது. அழகான முகம், கட்டான உடம்பு, பளபளப்பான சட்டை எதுவும் கட்டாயமில்லை என்றானது. அந்த மாற்றத்துக்கு டியூரியை விடச் சரியான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஏழு வயதில் வந்த காய்ச்சல்

1942 மே 12-ல் லண்டனை ஒட்டிய ஹாரோவில் பிறந்தார் இயான். அப்பா பில் டியூரி முன்னாள் குத்துச்சண்டை வீரர். பஸ் ஓட்டினார், பிறகு பணக்காரர்களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை ஓட்டினார். அம்மா பெக்கி படித்த குடும்பத்துப் பெண், வீடு வீடாகப் போய் தாய்-சேய் நலம் பார்க்கும் செவிலியர். இரண்டு பேரும் சீக்கிரமே பிரிந்துவிட்டார்கள். இயான் அம்மாவோடும் பெரியம்மாக்களோடும் எசெக்ஸ் மாவட்டத்து அப்மின்ஸ்டர் பக்கம் வளர்ந்தார். பிற்காலத்தில் பலரிடம் தான் பிறந்ததே அப்மின்ஸ்டரில்தான் என்று கதை விட்டுக்கொண்டிருந்தார்.

1949 கோடை. அவருக்கு ஏழு வயது. கடலோர நகரமான சவுத்எண்டில் ஒரு நீச்சல் குளத்தில் குளித்தார். அங்கேதான் தனக்குப் போலியோ தொற்றியது என்று கடைசி வரை நம்பினார். அந்த வருஷம் பிரிட்டனில் போலியோ பரவிக்கொண்டிருந்தது.

நம்மூரில் இளம்பிள்ளை வாதம் என்று சொல்வோமே, அந்த நோய்தான். மலக்கழிவு கலந்த தண்ணீர், உணவு வழியாக வைரஸ் வாய்க்குள் போகும். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தொற்றிய 200 பேரில் ஒருவருக்கு, தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அது அழித்துவிடும். போன செல் திரும்பி வராது. அந்தக் கையோ காலோ அப்படியே தளர்ந்து சூம்பிவிடும். இன்றைக்கும் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

அமெரிக்காவில் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி அனுமதி பெற்றது 1955-ல். பிரிட்டனில் அது போடத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். ஏழு வருஷ வித்தியாசத்தில் இயானின் வாழ்க்கை திசை மாறியது.

கார்ன்வால் பகுதியின் ட்ரூரோ நகர மருத்துவமனையில் ஆறு வாரம் உடம்பு முழுக்க மாவுக்கட்டு. அதன்பின் எசெக்ஸில் பிளாக் நாட்லி மருத்துவமனையில் ஒன்றரை வருஷம். வெளியே வந்தபோது இடது கால், இடது கை, இடது தோள் மூன்றும் பலமிழந்திருந்தன. காலுக்கு இரும்புக் காலிப்பர்.

விழுந்தால் நீயேதான் எழுந்திருக்கணும்

அடுத்து அவரைச் சேர்த்த இடம் சசெக்ஸ் பகுதியில் இருந்த சேலி பள்ளி. உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி அது. படிப்பை விடக் கைத்தொழில்தான் அங்கே பிரதானம். செருப்பு தைக்க, அச்சுக் கோர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளால் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்பதுதான் அன்றைய சமூகத்தின் எண்ணம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் யாரும் தூக்கிவிட மாட்டார்கள், தானாகவேதான் எழ வேண்டும். முரட்டுத்தனமும் அடாவடியும் நிறைந்த இடமாக அதை அவர் விவரித்தார். அதே சமயம், தன்னைப் போலவே இருக்கும் நூறு பிள்ளைகளை அவர் ஒன்றாகப் பார்த்ததும் அங்கேதான். அங்கே அவர் விதிவிலக்கு கிடையாது, கூட்டத்தில் ஒருவர்.

படிப்பு வர வேண்டும் என்று அம்மா போராடி அவரை ஹை விக்கம் நகரத்து இலக்கணப் பள்ளிக்கு மாற்றினார். அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைகள் மத்தியில் அவர் ஒருவர்தான் காலிப்பர் போட்டவர். கேலிக்கும் அடிக்கும் குறைவில்லை. உடம்பால் திருப்பி அடிக்க முடியாத பையன் வாயால் அடிக்கக் கற்றுக்கொண்டான். எதுகை, சிலேடை, குத்தல், கெட்ட வார்த்தை எல்லாம் ஆயுதமானது. அவருடைய பாட்டு வரிகளின் வேர் இந்த விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது.

ஓவிய வாத்தியார்

16 வயதில் பள்ளியை விட்டு வால்தம்ஸ்டோ ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1964-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். அங்கே அவருக்கு ஆசிரியர் பீட்டர் பிளேக். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்த அதே பிளேக்தான். மல்யுத்த வீரர்கள், சினிமா நடிகைகள், தெருவோர விளம்பரங்கள் என்று சாதாரண மக்களின் ரசனையை ஓவியமாக்கலாம் என்று பிளேக் காட்டினார். பிற்பாடு டியூரி அதையே பாட்டில் செய்தார்.

பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார். 1967-ல் சக ஓவியர் பெட்டி ராத்மெலைத் திருமணம் செய்துகொண்டார். ஜெமிமா, பேக்ஸ்டர் என்று இரண்டு பிள்ளைகள். கேன்டர்பரி உள்ளிட்ட ஊர்களின் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். நிரந்தர வேலை, குடும்பம் என்று வாழ்க்கை ஓடியிருக்கலாம். ஆனால் ஓவியத்தில் தான் நினைத்த உயரத்தைத் தொட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

ஊன்றுகோலில் டிரம்மர், வித்தியாசமான குழு

1971-ல் 'கில்பர்ன் அண்ட் தி ஹை ரோட்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். வயது 29. பாட்டு வாத்தியம் எதுவும் முறையாகக் கற்றவர் இல்லை.

குழுவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டிரம்மர் டேவிட் ரோஹோமன் ஊன்றுகோலில் வருவார். பேஸ் கிட்டார் வாசித்த ஹம்ஃப்ரி ஓஷன் பனைமரம் மாதிரி உயரம். டியூரியிடம் ஓவியம் படித்த மாணவர் இவர், பிற்காலத்தில் பிரிட்டனின் பேர்போன உருவப்பட ஓவியரானார். நடுவில் டியூரி, மைக் கம்பத்தைப் பிடித்துச் சாய்ந்தபடி. நிற்க அந்தக் கம்பம் தேவை என்பதால் பிடித்தார். அது ஒரு தோரணையாகவே மாறிவிட்டது. காதில் சவர பிளேடு தொங்கும், கழுத்தில் கைக்குட்டை, மேலே பழைய கோட்.

கொஞ்ச வருஷம் கழித்து 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் ஜானி ராட்டன் கூனி நின்று மைக்கைப் பிடித்து முறைத்தபோது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று லண்டன் இசை வட்டாரத்தில் பலர் நினைத்தார்கள். பங்க் இசையின் தோற்றத்தில் டியூரிக்குப் பங்குண்டு என்று இசை வரலாறு எழுதுபவர்கள் இன்றும் சொல்வது இதனால்தான்.

ஆனால் குழு ஜெயிக்கவில்லை. மதுக்கடை மேடைகளில் கைதட்டல் கிடைத்தது, 'தி ஹூ' குழுவின் சுற்றுப்பயணத்தில் முன்னிகழ்ச்சி நடத்த வாய்ப்பு வந்தது. இசைத்தட்டு மட்டும் விற்கவில்லை. 1975-ல் குழு கலைந்தது. அவருக்கு 33 வயது. பாப் இசையில் அது ஓய்வுபெறும் வயசு!

ஓவல் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்து வீடு

அப்போது அவர் தங்கியிருந்தது தெற்கு லண்டனில் ஓவல் மேன்ஷன்ஸ் என்ற பழைய குடியிருப்பு. நாம் டிவியில் டெஸ்ட் மேட்ச் பார்க்கும் அதே ஓவல் மைதானத்தை ஒட்டிய கட்டடம். பூனை நாற்றமும் ஈரமும் பிடித்த வீடு அது.

அந்த வீட்டில்தான் சாஸ் ஜாங்கெல் என்ற இளைஞரோடு உட்கார்ந்து பாட்டு எழுதினார். ஜாங்கெலுக்கு ஜாஸும் ஃபங்க்கும் கை வந்த கலை. டியூரி வரிகளைத் தட்டச்சு செய்து நீட்டுவார், ஜாங்கெல் பியானோவிலோ கிட்டாரிலோ மெட்டுப் போடுவார். கெட்டிக்காரத்தனமான தாளத்தின் மேல் லண்டன் தெருப்பேச்சு ஏறி உட்கார்ந்தது.

இதில் முக்கியமான விஷயம் அவருடைய உச்சரிப்பு. அன்றைக்கு பிரிட்டிஷ் ராக் பாடகர்கள் நிறையப் பேர் அமெரிக்கர்கள் மாதிரியே பாடினார்கள். டியூரி தன் சொந்தப் பேச்சிலேயே பாடினார். கிழக்கு லண்டன், எசெக்ஸ் உழைக்கும் மக்களின் வட்டார வழக்கு அது. பழைய மியூசிக் ஹால் அரங்குகளில் நகைச்சுவைக் கலைஞர்கள் பேசுவது போன்ற பேச்சு. வட்டார வழக்கில் எழுதிய கதையைப் படிக்கும்போது ஒரு ஊரே எழுந்து வந்து நிற்குமே, அப்படித்தான் இவர் பாட்டிலும் மனிதர்கள் எழுந்து வருவார்கள். செங்கல் வைக்கும் கொத்தனார், தன்னை முட்டாள் என்று நினைக்கும் பையன், திருட்டில் மாட்டும் சில்லறைப் பேர்வழி என்று எல்லோருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு.

பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கடைசியில் கைகொடுத்தது 'ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ்' என்ற சின்ன நிறுவனம். டியூரியின் மேலாளர்கள் இருந்த அதே கட்டடத்தில்தான் அவர்களுக்கும் அலுவலகம்! 1977 செப்டம்பரில் 'நியூ பூட்ஸ் அண்ட் பேண்டீஸ்' ஆல்பம் வெளியானது. பெயருக்குக் காரணம் சுவாரஸ்யமானது. டியூரி எப்போதும் பழைய துணிக்கடையில்தான் உடை வாங்குவார். பூட்ஸும் உள்ளாடையும் மட்டும் புதுசு. அட்டைப்படத்தில் ஒரு துணிக்கடை வாசலில் அவர் நிற்கிறார், பக்கத்தில் ஐந்து வயது மகன் பேக்ஸ்டர்.

அந்த ஆல்பத்தில் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. பில் டியூரி 1968-லேயே இறந்துவிட்டார். பஸ் ஓட்டியது, பெரிய மனிதர்களுக்குக் கார் ஓட்டியது, அதிகம் பார்க்காமலே போன அந்த மனிதரின் நடை உடை என்று எல்லாவற்றையும் ஒரு அறிக்கை போல அடுக்கிக்கொண்டே போவார். அழுகை, ஒப்பாரி எதுவும் இருக்காது. கேட்டு முடிக்கும்போது நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.

ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் நின்றது.

36 வயதில் முதலிடம்

ஆல்பத்தோடு சுற்றுப்பயணம் போக ஒரு குழு வேண்டுமே? நார்மன் வாட்-ராய் பேஸ் கிட்டார், சார்லி சார்லஸ் டிரம்ஸ், மிக் கல்லாகர் கீபோர்டு, ஜான் டர்ன்புல் கிட்டார், டேவி பெய்ன் சாக்ஸபோன். இவர்கள்தான் 'பிளாக்ஹெட்ஸ்'. அன்றைய பிரிட்டனில் இவ்வளவு துல்லியமாக வாசிக்கும் குழுக்கள் குறைவு.

1978 நவம்பரில் 'ஹிட் மீ வித் யுவர் ரிதம் ஸ்டிக்' வெளியானது. பாட்டைக் கேட்டால் முதலில் பிடிப்பது வாட்-ராயின் பேஸ். விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து இன்றைக்கும் பேஸ் வாசிக்கிறவர்கள் மலைத்துப்போவார்கள். நடுவில் டேவி பெய்ன் இரண்டு சாக்ஸபோனை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். வரிகளில் உலகத்து ஊர்ப் பெயர்கள் வரும், பிரெஞ்சும் ஜெர்மனும் வரும்.

1979 ஜனவரி கடைசியில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. முதலிடத்தில் இருந்து அது இறக்கியது 'வில்லேஜ் பீப்பிள்' குழுவின் 'ஒய்எம்சிஏ' பாட்டை. அடுத்த வாரம் அந்த இடத்துக்கு வந்தது 'பிளாண்டி' குழுவின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்'. டிஸ்கோவில் இருந்து நியூ வேவ் பக்கம் காற்று திரும்பியது இந்த வரிசையிலேயே தெரிகிறது, இல்லையா?

ஏறக்குறைய 10 லட்சம் பிரதிகள் விற்றன. சேலி பள்ளியில் செருப்பு தைக்கப் பழக்கப்பட்ட பையன் 36 வயதில் நாட்டின் நம்பர் ஒன் பாடகர்.

அதே வருஷம் இன்னொரு பாட்டு மூன்றாம் இடம் வரை போனது. பெயர் 'ரீசன்ஸ் டு பி சியர்ஃபுல்', அதாவது மகிழ்ச்சியாக இருக்கக் காரணங்கள். இத்தாலி சுற்றுப்பயணத்தில் குழுவின் ஊழியர் ஒருவரை மின்சாரம் தாக்கியது, நூலிழையில் உயிர் தப்பினார். அந்த அதிர்ச்சியில்தான் டியூரி எழுதத் தொடங்கினார். உயிரோடு இருப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிய பட்டியல்தான் மொத்தப் பாட்டும்.

ஆனால், கூட இருப்பது சுலபமில்லை

ரசிகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக விரும்புவார்கள். ஆனால் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

டியூரி குடித்தால் வேறு மனிதர். சக கலைஞர்களைச் சொல்லால் குத்துவார், நள்ளிரவில் சண்டை இழுப்பார். கிடைத்த புகழைக் கையாளத் தெரியாமல் தடுமாறினார். ஜாங்கெல் 1980-ல் விலகினார். கல்யாண வாழ்க்கையும் உடைந்தது. மகன் பேக்ஸ்டர் இன்று பிரிட்டனில் தனக்கென ஒரு பெயர் உள்ள பாடகர். அப்பாவோடு வளர்ந்த அந்தக் களேபரமான நாட்களைப் பற்றி 2021-ல் ஒரு நினைவுக்குறிப்பு நூலே எழுதினார்.

உடல் குறைபாடு உள்ளவர் என்பதால் அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்படி ஆக்குவதை முதலில் எதிர்த்திருப்பவரும் அவரேதான். அதற்குச் சாட்சி 1981-ல் அவர் செய்த காரியம்.

தடை செய்யப்பட்ட பாட்டு

1981-ஐ சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. பிரிட்டனில் நிதி திரட்டல், விழா, அனுதாபப் பேச்சு என்று ஒரே அமர்க்களம். டியூரிக்கு இது எரிச்சலாக இருந்தது. ஒரு வருஷம் மட்டும் எங்களைப் பார்ப்பீர்கள், அடுத்த வருஷம் நாங்கள் எல்லாம் குணமாகிவிடுவோமா என்பதுதான் அவருடைய கேள்வி.

பதிலுக்கு ஒரு பாட்டு எழுதினார். பெயர் 'ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்'.

இந்தப் பெயரைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'ஸ்பாஸ்டிக்' என்பது மூளை முடக்குவாதம் உள்ளவர்களைக் குறித்த மருத்துவச் சொல். பிரிட்டன் பள்ளிக்கூடங்களில் அது வசைச்சொல்லாகிவிட்டது. நம்மூரில் 'நொண்டி' என்று கத்துவார்களே, அதே மாதிரி. டியூரி அந்தச் சொல்லை எடுத்து, ரோமானிய அடிமைகளின் தலைவன் ஸ்பார்டகஸ் பெயரோடு முடிச்சுப் போட்டார். ஹாலிவுட் படத்தில் ஸ்பார்டகஸைக் காட்டிக்கொடுக்கச் சொன்னதும், ஒவ்வொரு அடிமையாக எழுந்து தானே ஸ்பார்டகஸ் என்று சொல்வார்களே, அந்தக் காட்சிதான் இந்தப் பாட்டின் அடித்தளம். எங்களில் ஒருவரைத் திட்டினால் எல்லோரும் எழுந்து நிற்போம் என்பதே செய்தி. யாரோ வீசிய கல்லைப் பொறுக்கி எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டுவது போன்ற வேலை இது.

ஜமைக்காவின் புகழ்பெற்ற தாளக் கூட்டணியான ஸ்லை-ராபியோடு பஹாமாஸ் தீவில் பதிவானது. ஆனால் பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. வானொலியில் வராத பாட்டு விற்குமா? விற்கவில்லை. நிறுவனமும் சீக்கிரமே சந்தையில் இருந்து எடுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அன்று பிரிட்டனில் இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கான பெரிய தொண்டு நிறுவனத்தின் பெயரே 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி'. அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக இருக்கலாம், நன்கொடை உண்டியலில் இருக்கலாம். ஆனால் அந்த உடம்போடு வாழ்கிறவர் அதைப் பாடினால் மட்டும் மனம் புண்படும்! 1994-ல்தான் அந்த நிறுவனம் 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நாடகம், சினிமா, பிறகு நோய்

அதற்குப் பிறகு பழைய உச்சம் திரும்பவில்லை. நடிப்புப் பக்கம் போனார். ரோமன் போலன்ஸ்கியின் 'பைரேட்ஸ்', பீட்டர் கிரீனவேயின் படம், ஸ்டாலோன் நடித்த 'ஜட்ஜ் டிரெட்' என்று சின்னச் சின்ன வேடங்கள். 'ஆப்பிள்ஸ்' என்ற இசை நாடகத்தை எழுதி 1989-ல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேற்றினார்.

1990-ல் டிரம்மர் சார்லி சார்லஸ் புற்றுநோயால் இறந்தார். அவர் குடும்பத்துக்காக நடத்திய நிகழ்ச்சிகளில்தான் பிரிந்து கிடந்த பிளாக்ஹெட்ஸ் மறுபடி ஒன்று சேர்ந்தது. 1994-ல் பெட்டியும் புற்றுநோயால் போனார். 1996-ல் டியூரிக்கே குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தும் பிறகு கல்லீரலுக்குப் பரவியது.

நோயை மறைக்கவில்லை. 1998-ல் பிளாக்ஹெட்ஸோடு 'மிஸ்டர் லவ் பேன்ட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பழைய கூர்மை அதில் திரும்பியிருந்தது. சிற்பி சோஃபி டில்சனை அந்த வருஷம் திருமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு இரண்டு ஆண் குழந்தைகள்.

இதற்கிடையே ஒரு கூத்தும் நடந்தது. டியூரி இறந்துவிட்டதாக 1998-ல் யாரோ விட்ட புரளியை நம்பி, பாடகர் பாப் கெல்டாஃப் வானொலி நேரலையில் அறிவித்துவிட்டார். சரிபார்க்காமல் செய்தி போடக்கூடாது என்பதற்கு எங்களைப் போன்ற டெஸ்க்காரர்கள் மறக்கக்கூடாத பாடம்!

இலங்கைக்கு வந்த டியூரி

இந்த இடத்தில்தான் கதை நம் பக்கம் வருகிறது. உடம்பில் புற்றுநோயை வைத்துக்கொண்டு டியூரி யுனிசெஃப் அமைப்புக்காகப் போலியோ தடுப்புப் பிரசாரத்தில் இறங்கினார். அப்போது பிரிட்டனின் உச்ச நட்சத்திரமாக வளர்ந்துகொண்டிருந்த ராபி வில்லியம்ஸையும் அவர்தான் இதற்குள் இழுத்துவந்தார். 1998-ல் இரண்டு பேரும் இலங்கைக்குப் போனார்கள்.

இலங்கையில் அது போர்க்காலம். ஆனாலும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் சண்டையை நிறுத்திவைக்கும் வழக்கம் 1995 முதல் அங்கே இருந்தது. அமைதி நாட்கள் என்று அவற்றுக்குப் பெயர். அந்தத் தீவில் கடைசியாகப் போலியோ பாதிப்பு பதிவானது 1993-ல்.

யோசித்துப் பாருங்கள். ஏழு வயதில் தடுப்பு மருந்து இல்லாததால் காலிப்பர் மாட்டியவர், 56 வயதில் சாவு நெருங்குகிறது என்று தெரிந்தே, இன்னொரு நாட்டுக் குழந்தைகளின் வாயில் இரண்டு சொட்டு விழ வேண்டும் என்று பயணம் போகிறார். மாற்றுத்திறனாளிகளைப் பார்த்து உச்சுக் கொட்டாதே என்று 1981-ல் பாடியவரும் அவர்தான், இந்த நோய் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்று 1998-ல் அலைந்தவரும் அவர்தான். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. நோயை ஒழிக்கணும், நோய் வந்தவரை மதிக்கணும். அவ்வளவுதான்.

கடைசி மேடை

2000 பிப்ரவரி 6. லண்டன் பல்லேடியம் அரங்கம். அவர் சின்ன வயதில் கொண்டாடிய மியூசிக் ஹால் கலைஞர்கள் நின்ற மேடை. உடம்பு துரும்பாக இளைத்திருந்தது, கைத்தாங்கலாகத்தான் கூட்டிவந்தார்கள். உட்கார்ந்தபடியே பாடினார். பின்னால் பிளாக்ஹெட்ஸ். அதுதான் கடைசி நிகழ்ச்சி.

2000 மார்ச் 27-ல் இறந்தார். வயது 57. குதிரை வண்டியில் ஊர்வலமாக எடுத்துப்போய் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டினார்கள்.

அடுத்த வருஷம் அவருடைய முதல் ஆல்பத்தின் பாட்டுகளை மற்றவர்கள் பாடிய அஞ்சலி ஆல்பம் வந்தது. பால் மெக்கார்ட்னி, ராபி வில்லியம்ஸ், ஷினேட் ஓ'கானர் எல்லாம் பாடினார்கள். அப்பாவைப் பற்றிய அந்தப் பாட்டைப் பாடியது மேட்னெஸ் குழு. 2010-ல் வந்த வாழ்க்கை வரலாற்றுப் படத்தில் டியூரியாக நடித்தவர் ஆண்டி செர்கிஸ். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் கோலமாக வந்தாரே, அவரேதான்.

பிறகு 2012 பாராலிம்பிக். மாற்றுத்திறனாளி கலைஞர்களின் 'கிரேயே' நாடகக் குழு அந்தத் தடைபட்ட பாட்டைத் தொடக்க விழாவுக்குக் கொண்டுவந்தது. 1981-ல் எது கேட்கக் கூசியதோ, அதைப் பிரிட்டன் தன் பெருமையாக உலகத்துக்கு முன்னால் வைத்தது. பாட்டில் ஒரு சொல்கூடப் பூசி மெழுகப்படவில்லை. மாறியது கேட்கிறவர்களின் காதுதான்.

மார்ச் 27: ஒரு தற்செயல்

உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது 2014-ல். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவில் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு.

அந்த அறிவிப்பு வெளியான தேதி மார்ச் 27. டியூரி இறந்து சரியாக 14 வருஷம். யாரும் திட்டமிட்டதில்லை, வெறும் தற்செயல்தான். ஆனால் அவர் ரசிகர்களுக்கு இதைவிட நல்ல நினைவுநாள் பரிசு வேறென்ன வேண்டும்?

போலியோ உலகத்தை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நம்மூரில் இன்னமும் சொட்டு மருந்து முகாம் போடுவது இதனால்தான்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்களுக்கு மூன்று பாட்டு போதும்.

1. ஹிட் மீ வித் யுவர் ரிதம் ஸ்டிக்: ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேஸ் கிட்டாரை மட்டும் கவனியுங்கள்.

2. மை ஓல்ட் மேன்: அப்பாவைப் பற்றிய பாட்டு. இரவில், தனியாக.

3. ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்: பாராலிம்பிக் விழா வீடியோவையும் தேடிப் பாருங்கள். பாடுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.

லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் டியூரியின் நினைவாக ஒரு மர பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். அதன் சாய்மானத்தில் செதுக்கியிருப்பது 1979-ல் மூன்றாம் இடம் பிடித்த அந்தப் பாட்டின் தலைப்பு. மகிழ்ச்சியாக இருக்கக் காரணங்கள். எப்போதாவது லண்டன் போகிறவர்கள் அங்கே உட்கார்ந்து, தங்கள் பட்டியலை யோசித்துப் பார்க்கலாம்.